பார்த்த மாத்திரத்தில் ஆளை எடைபோடுகிறோமே, அது எப்படி?

1831-ல் இங்கிலாந்தில் பீகிள் என்ற கப்பல் நெடும்பயணத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. அதன் தலைவர் ராபர்ட் ஃபிட்ஸ்ராய்க்கு வழித்துணையாக, இயற்கை ஆய்வில் நாட்டமுள்ள ஓர் இளைஞரைச் சிபாரிசு செய்திருந்தார்கள். அவரை நேரில் பார்த்ததும் ஃபிட்ஸ்ராய்க்குத் தயக்கம் வந்துவிட்டது. காரணம், மூக்கு. இப்படிப்பட்ட மூக்கு உள்ளவருக்கு இவ்வளவு நீண்ட பயணத்துக்கு வேண்டிய ஊக்கமும் உறுதியும் இருக்குமா என்று அவருக்குச் சந்தேகம். நல்லவேளையாக மனம் மாறி ஏற்றிக்கொண்டார். அந்த இளைஞர் சார்லஸ் டார்வின். என் மூக்கு பொய் சொல்லிவிட்டது என்று பின்னாளில் அவருக்கே புரிந்திருக்கும் என்று டார்வின் தன் வாழ்க்கைக் குறிப்பில் வேடிக்கையாக எழுதியிருக்கிறார்.

ஃபிட்ஸ்ராய் விவரம் தெரியாதவர் அல்ல. பிரிட்டனின் வானிலைத் துறையைத் தொடங்கிவைத்தவரே அவர்தான். அப்படிப்பட்டவர் மூக்கைப் பார்த்து ஆளை அளந்ததற்குக் காரணம், அந்தக் காலத்தில் அது ஒரு படிப்பாகவே மதிக்கப்பட்டது. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த லவாட்டர் என்ற பாதிரியார் 1770-களில், முகத்தின் அமைப்பே குணத்தைச் சொல்லிவிடும் என்று தொகுதி தொகுதியாக எழுதினார். ஐரோப்பா முழுக்க அவை விரும்பிப் படிக்கப்பட்டன. நூறு ஆண்டு கழித்து, 1876-ல், இத்தாலிய மருத்துவர் சிசேர் லோம்புரோசோ இன்னும் ஒரு படி மேலே போனார். தாடை, காது, நெற்றி ஆகியவற்றின் அமைப்பைக் கொண்டே பிறவிக் குற்றவாளியை அடையாளம் காணலாம் என்றார். பிரிட்டிஷ் சிறை மருத்துவர் சார்லஸ் கோரிங் சுமார் 3,000 கைதிகளை அளந்து, குற்றம் செய்யாத மற்றவர்களோடு ஒப்பிட்டு, அப்படித் தனியான ஒரு குற்றவாளி உடலமைப்பு கிடையாது என்று 1913-ல் காட்டினார்.

இப்போது யாரும் மூக்கு சாஸ்திரத்தை அறிவியல் என்று சொல்வதில்லை. ஆனால் அதே வேலையை நம் கண்ணும் மூளையும் தினமும் செய்துகொண்டுதான் இருக்கின்றன. ஒருவருடைய முகம், உடல், நிறம், முடி, உடை ஆகியவற்றை மட்டும் வைத்து அவருடைய அறிவையும் குணத்தையும் தகுதியையும் தீர்மானித்து, அதற்கேற்ப நடத்துவதைத் தோற்றப் பாகுபாடு என்கிறார்கள். இதில் இரண்டு பகுதிகள் இருக்கின்றன. ஒன்று, மனித மனம் இயங்கும் விதம். மற்றொன்று, எந்தத் தோற்றம் உயர்ந்தது என்று சமூகம் எழுதிவைத்திருக்கும் விதி. முதலாவதை எளிதில் மாற்ற முடியாது. இரண்டாவதோ காலத்துக்குக் காலம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

கண் எவ்வளவு அவசரப்படுகிறது?

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஜேனின் வில்லிஸ், அலெக்சாண்டர் தோதொரோவ் ஆகியோர் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், முன்பின் தெரியாத முகங்களை ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரமே காட்டினார்கள். இவர் நம்பத் தகுந்தவரா, திறமையானவரா, முரடரா என்று கேட்டார்கள். அந்தக் கண நேரத்தில் சொன்ன பதிலும், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று விட்டபோது வந்த பதிலும் பெரும்பாலும் ஒத்துப்போயின. கூடுதல் நேரம் கொடுத்தபோது தீர்ப்பு பெரிதாக மாறவில்லை. தீர்ப்பின் மேல் இருந்த நம்பிக்கைதான் கூடியது. நன்றாகப் பார்த்துத்தான் சொல்கிறேன் என்று யாராவது சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு குழப்பம் வர வாய்ப்பு உண்டு. பலரும் ஒரே மாதிரி சொல்கிறார்கள் என்றால் அதில் ஏதோ உண்மை இருக்கத்தானே வேண்டும் என்று தோன்றும். அப்படி இல்லை. நம் மூளை முகத்தில் தேடுவது அந்த நேரத்து உணர்ச்சியை: கோபமா, சிரிப்பா, பயமா. சிலருக்குச் சும்மா இருக்கும்போதே உதட்டின் ஓரம் சற்று மேலே வளைந்திருக்கும். சிலருக்குப் புருவம் தாழ்ந்திருக்கும். எலும்பும் தசையும் தற்செயலாக அமைந்த விதம் அது. மூளை அதைச் சிரிப்பாகவும் கோபமாகவும் படித்து, அங்கிருந்து குணத்துக்குத் தாவிவிடுகிறது. எல்லாருடைய மூளையும் ஒரே தாவலைச் செய்வதால் எல்லாரும் ஒரே பதிலைச் சொல்கிறார்கள்.

இது வெறும் ஆய்வுக்கூட விளையாட்டாக நின்றுவிட்டால் கவலையில்லை. 2005-ல் தோதொரோவும் அவருடைய குழுவினரும் அமெரிக்க செனட் தேர்தல்களில் போட்டியிட்ட இரண்டு வேட்பாளர்களின் படங்களைக் காட்டி, யார் திறமையானவராகத் தெரிகிறார் என்று மட்டும் கேட்டார்கள். கட்சி தெரியாது, கொள்கை தெரியாது. அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்ட முகங்களே சுமார் 70 சதவீதத் தேர்தல்களில் வென்றிருந்தன.

அடுத்து, ஒரு நல்லதைப் பார்த்தால் மற்றதெல்லாம் நல்லதாகவே இருக்கும் என்று நினைக்கும் பழக்கம். உளவியலில் இதற்கு ஒளிவட்ட விளைவு என்று பெயர். 1920-ல் எட்வர்ட் தார்ன்டைக் இதைக் கவனித்தார். ராணுவ அதிகாரிகள் தமக்குக் கீழ் இருப்பவர்களுக்கு உடல் தோற்றம், அறிவு, தலைமைப் பண்பு, நடத்தை என்று தனித்தனியாக மதிப்பெண் போட்டிருந்தார்கள். ஒன்றில் நல்ல மதிப்பெண் பெற்றவர் எல்லாவற்றிலும் நல்ல மதிப்பெண் பெற்றிருந்தார். மனிதர்கள் நிஜத்தில் அப்படி இருப்பதில்லை. 1972-ல் வேறொரு ஆய்வில், அழகானவர்கள் என்று கருதப்பட்டவர்களின் புகைப்படங்களைக் காட்டியபோது, இவர்கள் குணத்திலும் மேலானவர்கள், நல்ல வேலையில் இருப்பார்கள், மகிழ்ச்சியாக வாழ்வார்கள் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். ஒரே ஒரு விதிவிலக்கு: நல்ல பெற்றோராக இருப்பார்களா என்ற கேள்வியில் மட்டும் அழகுக்குக் கூடுதல் மதிப்பு கிடைக்கவில்லை.

அழகு எப்போதும் சாதகம் என்றும் சொல்லிவிட முடியாது. 1975-ல் நடந்த ஓர் ஆய்வில் கற்பனை வழக்குகளைக் கொடுத்துத் தண்டனை விதிக்கச் சொன்னார்கள். வீடு புகுந்து திருடிய வழக்கில் அழகான பெண்ணுக்குக் குறைந்த தண்டனை. ஆளை மயக்கிப் பணம் பறித்த மோசடி வழக்கில் அந்தச் சலுகை காணாமல் போனது. சற்றுக் கூடுதலாகவே விதிக்கும் போக்கும் தெரிந்தது. அழகைக் குற்றத்துக்கான கருவியாகப் பயன்படுத்திவிட்டாள் என்ற எண்ணம் போலிருக்கிறது.

உடை வேறு கதை

முகம் பிறவியில் வருவது. உடையை மாற்றிக்கொள்ளலாம். மாற்றிக்கொள்ள முடியும் என்பதால்தான் அதை ஆளவும் முடியும். யார் எதை உடுத்தலாம் என்று அரசர்களும் சட்டமன்றங்களும் தலையிட்ட வரலாறு நீண்டது.

1363-ல் இங்கிலாந்தில் ஒரு சட்டம் வந்தது. ஏர் உழுபவர், மாடு மேய்ப்பவர், வண்டி ஓட்டுபவர் எல்லாரும் முரட்டுக் கம்பளித் துணியைத் தவிர வேறு எதையும் உடுத்தக் கூடாது. மேலே போகப் போக, ஒவ்வொரு படிநிலைக்கும் துணியின் விலை உட்பட எல்லாம் வரையறுக்கப்பட்டிருந்தது. அந்தச் சட்டம் சீக்கிரமே திரும்பப் பெறப்பட்டது. ஆனால் அதே போன்ற சட்டங்கள் மறுபடி மறுபடி வந்தன. 1604-ல்தான் இங்கிலாந்து அவற்றை ஒட்டுமொத்தமாகக் கைவிட்டது. கொஞ்சம் யோசித்தால் வேடிக்கை புரியும். ஏழைகளால் பட்டு வாங்கவே முடியாது என்றால் பட்டு உடுத்தாதே என்று சட்டம் போடத் தேவையில்லை. வணிகத்தில் பணம் சேர்த்த புதியவர்கள் பிரபுக்களைப் போல உடுத்தத் தொடங்கியபோதுதான், பார்த்தவுடன் ஆளைத் தெரியவில்லையே என்ற பதற்றம் மேல்தட்டுக்கு வந்தது.

ரஷ்யாவில் நேர் எதிர்த் திசை. மகா பீட்டர் தன் நாட்டை மேற்கு ஐரோப்பாவைப் போல மாற்ற விரும்பினார்; அதற்குத் தாடி தடையாகத் தெரிந்தது. தாடி வைத்துக்கொள்ள வேண்டுமானால் வரி கட்ட வேண்டும், கட்டியதற்கு அடையாளமாக உலோக வில்லை வைத்திருக்க வேண்டும் என்று ஆனது. பாரிஸில் 1800-ல் போடப்பட்ட ஆணைப்படி, பெண்கள் கால்சட்டை அணியக் காவல்துறையிடம் அனுமதி வாங்க வேண்டும். பின்னர், கையில் சைக்கிளின் கைப்பிடியோ குதிரையின் கடிவாளமோ இருந்தால் பரவாயில்லை என்று தளர்த்தினார்கள். அந்த ஆணை செல்லாது என்று பிரான்ஸ் அரசு முறைப்படி அறிவித்தது 2013-ல். அதற்குள் பெண்கள் பல தலைமுறைகளாகக் கால்சட்டை போட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது வேறு விஷயம்.

இவை எல்லாவற்றையும்விடக் கொடியது திருவிதாங்கூரில் இருந்தது. நாடார் பெண்களும் பிற ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்களும் மேல்சாதியினர் முன் மார்பை மறைக்கக் கூடாது என்பது அங்கே விதி. 19-ஆம் நூற்றாண்டின் முதல் பாதி முழுக்க நடந்த தோள்சீலைப் போராட்டம் இதற்கு எதிராகத்தான். மேலாடை அணிந்த பெண்களின் துணியைச் சந்தையிலேயே கிழித்தார்கள், கலவரங்கள் வெடித்தன. 1859-ல் அரசர் இறங்கிவந்து ஆணை வெளியிட்டார். அந்த ஆணையின் வாசகத்தைக் கவனிக்க வேண்டும்: நாடார் பெண்கள் மேலாடை அணியலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் அணியும் விதத்தில் அணியக் கூடாது. துணியைக் கொடுத்துவிட்டார்கள், வித்தியாசத்தை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. உடையை வைத்து ஆளை மதிப்பிடுவது என்றால் என்ன என்று யாராவது கேட்டால், நான் முதலில் காட்டுவது இந்த ஆணையைத்தான். ஒருவர் எந்த இடத்தில் வைக்கப்பட்டிருக்கிறார் என்பது தூரத்திலிருந்தே தெரிய வேண்டும் என்பதுதான் அதன் கவலை. ஒழுக்கம், அழகு, சுத்தம் என்ற பேச்செல்லாம் அதற்கு அப்புறம் வருவது.

சட்டம் போகிறது, விலை வருகிறது

உடைச் சட்டங்கள் போன பிறகு அந்த வேலையை விலை எடுத்துக்கொண்டது. அரிதானது, அதிகச் செலவாகும் பொருள், உழைப்பவரால் வைத்திருக்க முடியாதது ஆகியவை உயர்வின் அடையாளமாகும். மலிந்துபோனால் அந்த அடையாளம் காலியாகிவிடும்.

ஊதா நிறத்தைப் பாருங்கள். பண்டைய மத்தியதரைக் கடல் பகுதியில் அந்தச் சாயம் கடல் நத்தையிலிருந்து கிடைத்தது. 1909-ல் பால் ஃபிரீட்லெண்டர் என்ற வேதியியலாளர் 12,000 நத்தைகளைச் சேகரித்துப் பார்த்தபோது 1.4 கிராம் சாயம்தான் தேறியது. ரோமப் பேரரசர்களின் நிறமாக அது ஆனதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. 1856-ல் லண்டனில் வில்லியம் பெர்கின் என்ற 18 வயது மாணவர் மலேரியாவுக்கான மருந்தைச் செயற்கையாகத் தயாரிக்கப் போய், தற்செயலாக ஓர் ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்தார். அது ஆலையில் தயாராகிச் சந்தைக்கு வந்தது. பேரரசரின் நிறம் யார் வேண்டுமானாலும் உடுத்தும் நிறமாகிவிட்டது.

தோலின் நிறமும் இப்படி ஆட்டம் கண்டிருக்கிறது. ஐரோப்பாவில் பெரும்பாலானவர்கள் வயலில் வேலை செய்த காலத்தில், வெயில் படாத வெளிறிய தோல் உயர்வு. உழைப்பாளிகள் ஆலைக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் போன பிறகு, 1920-களில் அதே ஐரோப்பாவில் வெயிலில் கருத்த தோல் நாகரிகமானது. கடற்கரையில் ஓய்வெடுக்க நேரமும் காசும் இருக்கிறது என்று அர்த்தம். உணவு போதாத சமூகங்களில் பருத்த உடல் செல்வத்தைக் காட்டியது. மலிவு உணவு நிறைந்த சமூகங்களில் மெலிந்த உடல் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. அழகின் அளவுகோல் எந்தப் பக்கம் திரும்பினாலும், வசதியுள்ளவருக்கு எது எளிதோ அந்தப் பக்கமே திரும்புவதைப் பார்க்கலாம்.

ஜீன்ஸ் இதில் தனி ரகம். 1873-ல் காப்புரிமை வாங்கிய அந்தக் கால்சட்டை, கடும் உடலுழைப்பு செய்பவர்களுக்காகவே பையின் மூலைகளில் உலோக ஆணி அடித்துத் தைக்கப்பட்டது. இன்று கடையிலேயே கிழித்து, கிழியாததைவிட அதிக விலைக்கு விற்கிறார்கள். ஒருவர் போட்டால் அந்தக் கிழிசல் பாணி. இன்னொருவர் போட்டால் வறுமை. துணி ஒன்றுதான். மற்ற அடையாளங்களால் ஏற்கெனவே வசதியானவர் என்று தெரிந்தவருக்கு மட்டுமே விதியை மீறும் சலுகை கிடைக்கிறது. 2012-ல் ஃபேஸ்புக் பங்குச் சந்தைக்கு வரவிருந்தபோது, மார்க் சக்கர்பெர்க் முதலீட்டாளர்களைச் சந்திக்கத் தலைமூடி வைத்த சாதாரண மேல்சட்டையில் போனார். முதிர்ச்சியில்லை என்று ஒருசிலர் முணுமுணுத்தார்கள், அவ்வளவுதான். அதே நிறுவனத்தில் வேலை கேட்டுப் போகும் ஒரு காவலாளி அப்படிப் போயிருந்தால் வாசலைத் தாண்டியிருப்பாரா?

காந்தி 1921-ல் மதுரையில் மேல்சட்டையைக் களைந்து அரையாடைக்கு மாறினார். பத்து ஆண்டு கழித்து அதே கோலத்தில் லண்டனில் அரசரைச் சந்தித்தார். உலகமே திரும்பிப் பார்த்தது. அதே காலத்தில் அம்பேத்கர் கோட்டு சூட்டில்தான் பொதுவெளிக்கு வந்தார். 1927-ல் மகாராஷ்டிரத்தில் உள்ள மகாட் என்ற ஊரில் ஒடுக்கப்பட்ட பெண்களிடம் பேசும்போது, உங்களைத் தீண்டத்தகாதவர்கள் என்று காட்டிக்கொடுக்கும் உடைப் பழக்கத்தை விட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அரையாடையில்தான் இருப்பார் என்று யாரைப் பற்றிச் சமூகம் முன்பே முடிவு செய்திருக்கிறதோ, அவர் சட்டையைக் களைந்தால் அது செய்தியாகாது. அவர் சட்டை போடுவதுதான் செய்தி.

மதிப்பிடப்பட்டவருக்கு என்ன நடக்கிறது?

சட்டப் புத்தகத்திலேயே ஏறிய ஒரு கொடுமையிலிருந்து தொடங்கலாம். அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ 1867-லும் சிகாகோ 1881-லும், நோயாலோ ஊனத்தாலோ பார்க்க அருவருப்பாக இருப்பவர்கள் பொது இடத்தில் தென்படக் கூடாது என்ற பொருளில் சட்டம் போட்டன. தெருவில் பிச்சையெடுத்த மாற்றுத்திறனாளிகளைத்தான் முக்கியமாகக் குறிவைத்தார்கள். சிகாகோவில் இது நீக்கப்பட்டது 1974-ல். முடிக்கு இன்னும் சண்டை ஓயவில்லை. கறுப்பினத்தவர்களின் இயல்பான சுருள் முடியையும் பின்னல்களையும் ஒழுங்கற்றவை என்று சொல்லி வேலை மறுப்பதும் பள்ளியிலிருந்து அனுப்புவதும் அங்கே வழக்கமாக இருந்ததால், அது பாகுபாடு என்று கலிபோர்னியா மாநிலம் 2019-ல் தனிச் சட்டமே கொண்டுவந்தது.

சம்பளத்திலும் இது தெரிகிறது. டேனியல் ஹேமர்மெஷ், ஜெஃப் பிடில் என்ற பொருளியலாளர்கள் 1994-ல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவிலும் கனடாவிலும் தோற்றத்தில் சராசரிக்குக் கீழே மதிப்பிடப்பட்டவர்கள் குறைவாகச் சம்பாதித்தார்கள். ஆண்களும் இதற்கு விலக்கல்ல.

இன்னும் நுட்பமானது, மதிப்பீடு தன்னைத் தானே நிஜமாக்கிக்கொள்ளும் விதம். 1977-ல் நடந்த ஓர் ஆய்வில், ஆண்களைத் தொலைபேசியில் ஒரு பெண்ணோடு பேசச் சொன்னார்கள். பேசும் முன் ஒரு புகைப்படம் கொடுத்தார்கள்: சிலருக்கு அழகான பெண்ணின் படம், சிலருக்கு அவ்வளவு அழகில்லாத பெண்ணின் படம். இரண்டுமே பேசிய பெண்ணின் படம் அல்ல. அப்புறம் உரையாடலில் பெண்ணின் குரலை மட்டும் பிரித்தெடுத்து, எதுவும் தெரியாத வேறு ஆட்களைக் கேட்க வைத்தார்கள். அழகானவர் என்று நம்பப்பட்ட பெண்கள் உண்மையிலேயே கலகலப்பாகவும் நட்பாகவும் பேசியதாக அவர்கள் சொன்னார்கள். மறுமுனையில் இருந்தவர் ஆர்வமாகப் பேசினார், இவரும் மலர்ந்து பேசினார், அவ்வளவுதான். வகுப்பில் ஒரு பிள்ளையை மந்தமானவன் என்று ஆசிரியர் முகத்தைப் பார்த்தே முடிவுகட்டிவிட்டால், வருடக் கடைசியில் அவன் எப்படி ஆகியிருப்பான் என்று யோசித்துப் பாருங்கள். நான் சொன்னது சரியாகிவிட்டதே என்று ஆசிரியர் நினைத்துக்கொள்வார்.

தெரிந்துகொண்டால் போதுமா?

போதாது என்பதுதான் இருப்பதிலேயே சங்கடமான விஷயம். தோதொரோவ், டாங்வான் ஓ, எல்டார் ஷஃபிர் ஆகியோர் 2020-ல் நேச்சர் குழும இதழ் ஒன்றில் வெளியிட்ட ஆய்வில், ஒரே முகத்தைச் சற்று விலை கூடியதாகத் தெரியும் உடையோடும், சற்று மலிவாகத் தெரியும் உடையோடும் காட்டினார்கள். கந்தலுக்கும் பட்டுக்கும் உள்ள வித்தியாசம் இல்லை. எல்லாம் சாதாரண உடைதான். விலை கூடியதாகத் தெரிந்த உடையில் அதே முகம் அதிகத் திறமையானதாக மதிப்பிடப்பட்டது. சரி, உடையைப் பொருட்படுத்தாதீர்கள் என்று சொல்லிப் பார்த்தார்கள். மாறவில்லை. இவர்கள் எல்லாரும் ஒரே தொழில், ஒரே வருமானம் என்று தகவல் கொடுத்தார்கள். மாறவில்லை. சரியாகச் சொன்னால் பணம் தருகிறோம் என்றும் ஆசை காட்டினார்கள். அப்போதும் உடையின் செல்வாக்கு நீங்கவில்லை.

ஆகவே, நான் அப்படியெல்லாம் பார்ப்பதில்லை என்று சொல்பவரை நம்பி ஒரு தேர்வுக் குழுவை ஒப்படைப்பதில் அர்த்தமில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கண்ணுக்கு உபதேசம் செய்வதைவிட, கண்ணுக்கு வேண்டாததைக் காட்டாமல் விடுவது நல்ல வழி. அமெரிக்காவின் பெரிய இசைக்குழுக்கள் பல, 1970-களிலும் 80-களிலும் கலைஞர்களைத் திரைக்குப் பின்னால் உட்காரவைத்து வாசிக்கச் சொல்லித் தேர்ந்தெடுக்கத் தொடங்கின. குதிகால் செருப்பின் சத்தம் பெண் என்று காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், தரையில் கம்பளம் விரித்தார்கள் அல்லது செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். முன்னணி ஐந்து இசைக்குழுக்களில் 1970-ல் சுமார் 5 சதவீதமாக இருந்த பெண்கள், 1990-களின் பிற்பகுதியில் சுமார் 25 சதவீதம் ஆனார்கள். அதில் திரையின் பங்கு எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் விவாதம் இருக்கிறது. திரை போடுவதால் நஷ்டம் எதுவும் இல்லை என்பது என் கருத்து.

திரை போட முடியாத வேலைகளுக்கு வேறு ஏற்பாடுகள் உண்டு. எல்லாரிடமும் ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் கேட்பது. ஒவ்வொரு பதிலுக்கும் அங்கேயே மதிப்பெண் எழுதிவிடுவது, நேர்காணல் முடிந்த பிறகு மொத்தமாக எப்படித் தோன்றியது என்று யோசிக்காமல் இருப்பது. எழுத்து வேலையை ஆளைப் பார்க்கும் முன்பே திருத்திவிடுவது. விண்ணப்பத்தில் புகைப்படம் கேட்காமல் இருப்பது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இதுதான் நடைமுறை, ஜெர்மனியிலும் 2006-ல் சமத்துவச் சட்டம் வந்த பிறகு படம் கட்டாயம் என்று கேட்பது குறைந்துவிட்டது.

காணொளி நேர்காணல் வந்த பிறகு முகத்தோடு அறையும் சேர்ந்துகொண்டிருக்கிறது. டரம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-ல், ஒரே ஆட்களை வெவ்வேறு பின்னணியில் காட்டி மதிப்பிடச் சொன்னார்கள். பின்னால் செடியோ புத்தக அலமாரியோ இருந்தால் அதிகத் திறமை, அதிக நம்பகம். வீட்டுக் கூடம் தெரிந்தால் மதிப்பு குறைந்தது. பனிப்பாறை மேல் வால்ரஸ் படுத்திருக்கும் வேடிக்கைப் படத்தை வைத்தவர்களுக்கும் அதே கதிதான். ஒரே அறையில் நாலைந்து பேர் வசிக்கும் வீட்டிலிருந்து நேர்காணலுக்கு வருபவர் புத்தக அலமாரிக்கு எங்கே போவார்? தேர்வு நடத்துபவர்கள் எல்லாருக்கும் ஒரே வெற்றுப் பின்னணியைக் கட்டாயமாக்கலாம். அதற்கு ஒரு காசும் செலவில்லை.